வீட்டு பிளானில் சுவர்களைச் சரிபார்ப்பது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்ரூவல் கைக்கு வந்ததும் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிடுகிறோம். அந்தத் தாளில் பாஸ் ஆனது என்ன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பக்க இடைவெளி, கட்டட உயரம், மொத்தப் பரப்பு, சாலை அகலம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவைதான் அதில் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடிக்குள் மனையும் 3500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால், விவரங்களை இணையத்தில் ஏற்றிப் பணம் கட்டியவுடனேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. அலையாமல் வேலை முடிவது நல்லதுதான். ஆனால் பக்கவாட்டில் ஒரு தள்ளு வந்தால் இந்தச் சுவர்கள் நிற்குமா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்கள் பக்கமும் உங்கள் இன்ஜினியர் பக்கமும் வந்துவிட்டது.

அந்தச் சோதனையை ஒரு ஸ்கேல், இரண்டு கலர் பேனா, ஒரு கால்குலேட்டர் வைத்துக்கொண்டு வீட்டிலேயே முக்கால்வாசி செய்துவிடலாம். மீதிக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும்.

வேலூரில் இது எதற்கு?

"இத்தனை வருஷமா கட்டுறோம், எந்தச் சுவரும் விழல சார்" என்று மேஸ்திரி சொல்வார். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 விதிநூலின் 2016 பதிப்பு வேலூரை நிலநடுக்க மண்டலம் 3-இல் வைத்திருக்கிறது. அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி 3.6 அளவில் ஒரு நிலநடுக்கம் பதிவானது. அந்த டிசம்பரிலும் குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் தரை அதிர்ந்தது. இவை சின்ன அதிர்வுகள், பயப்பட ஒன்றும் இல்லை. அதே நவம்பரில் கனமழையில் பேர்ணாம்பட்டில் ஒரு வீட்டின் சுவர் இடிந்து 9 பேர் இறந்ததும் நினைவிருக்கும். சுவருக்குப் பக்கவாட்டில் வரும் தள்ளு நிலநடுக்கத்தால் மட்டும் வருவதில்லை; காற்றும் தள்ளும், ஊறிய மண்ணும் தள்ளும்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் பலகை அடித்துக் கட்டுபவை. எந்தச் சுவரில் எத்தனை அடிக்குப் பலகை அடித்தால் வீடு சாயாது என்று அவர்களுடைய வீட்டு விதிநூலில் தனிப் பகுதியே உண்டு. நம்முடையது செங்கல் வீடு. நமக்கான விதிகள் ஒரே இடத்தில் இல்லை: சுவர் நிலைப்புக்கு ஐ.எஸ். 1905, நிலநடுக்கத்துக்கான கட்டுமான முறைக்கு ஐ.எஸ். 4326, கான்கிரீட் தூண் வீட்டுக்கு ஐ.எஸ். 13920. எல்லாம் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: பக்கவாட்டில் தள்ளினால் வீடு நிற்குமா?

முதல் கேள்வி: சுவர் தாங்குகிறதா, தூண் தாங்குகிறதா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். தளத்தின் எடை சுவரில் இறங்கினால் அது சுமைதாங்கும் சுவர் வீடு. தூண், பீம் வழியாக இறங்கினால் அது பிரேம் வீடு. அதில் செங்கல் இடத்தை அடைக்கத்தான். இரண்டுக்கும் விதிகள் வேறு.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் இரண்டும் கலந்த ஒரு வகை உண்டு. முன்பக்கம் போர்ட்டிகோவுக்கு இரண்டு தூண், ஹாலுக்கு நடுவில் ஒரு தூண், மற்றதெல்லாம் 9 அங்குலச் சுவர். வீட்டுக்காரர் "பில்லர் போட்ட வீடு" என்று தைரியமாக இருப்பார். பக்கவாட்டுத் தள்ளு வரும்போது தூணும் சுவரும் ஒரே மாதிரி அசைவதில்லை. விறைப்பான சுவர்தான் முதலில் அதை வாங்கிக்கொள்ளும். பிளானில் இப்படி ஒரு கலவை தெரிந்தால், அதைச் சுவர் வீடாகவே எடுத்துக்கொண்டு சோதியுங்கள், இன்ஜினியரிடம் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள்.

முழு பிரேம் வீடு என்றால் தூணின் அளவை முதலில் பாருங்கள். ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு மண்டலம் 3-க்கும் பொருந்தும். அதன்படி தூணின் குறுகிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பீமின் மிகப் பெரிய கம்பி விட்டத்தைப் போல 20 மடங்குக்கும் குறையக் கூடாது. சுவருக்குள் மறைந்துவிடும் என்று போடும் 9-க்கு 9 அங்குலத் தூண் வெறும் 230 மி.மீ. இந்த ஒரு இடத்திலேயே பல பிளான்கள் தோற்றுவிடும். அடுத்து, தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனை 135 பாகை மடிந்து கான்கிரீட்டுக்கு உள்ளே போக வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இனி வருவது சுவர் வீட்டுக்கு.

எந்தத் தாள்களைக் கேட்க வேண்டும்

அப்ரூவல் வரைபடம் போதாது. சுவர்த் தடிமன் எழுதிய ஒர்க்கிங் டிராயிங் (ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக), ஒரு குறுக்குவெட்டுப் படம், நான்கு பக்க எலிவேஷன் (வெளித்தோற்றப் படம்), டி1, டபிள்யூ1, வி1 என்று கதவு ஜன்னல் அளவுகள் உள்ள பட்டியல், கம்பி விவரப் படம். கலர் அடித்த 3டி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "இதேதான் சார்" என்பார்கள். அதில் சோதிக்க எதுவும் இல்லை.

இரண்டு திசை, இரண்டு கலர்

கிழக்கு மேற்காக ஓடும் 9 அங்குலச் சுவர்களைச் சிவப்பிலும், வடக்கு தெற்காக ஓடுவதை நீலத்திலும் அடையுங்கள். ஜன்னல், கதவு இருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டுவிடுங்கள். ஒரு சுவர் தன் நீளவாக்கில் வரும் தள்ளைத் தாங்கும். குறுக்கே வரும் தள்ளுக்குத் தனியாக நிற்காது, பக்கத்துக் குறுக்குச் சுவர்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குடியாத்தம் தீப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கும் தட்டை உருவிவிட்டு மேலுறையைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், சப்பென்று சாயும். தட்டு உள்ளே இருந்தால் சாயாது. அந்தத் தட்டின் வேலையைச் செய்பவைதான் குறுக்குச் சுவர்கள்.

பழைய டவுன் பக்கம் 15 அடி அகலம், 50 அடி நீளம் என்று மனைகள் இருக்கின்றன. அந்த பிளானில் கலர் அடித்தால் விஷயம் உடனே தெரிந்துவிடும். நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஜன்னலே இல்லாத முழுச் சுவர். அகலவாக்கில் முன்னால் கதவும் ஜன்னலுமாக மிச்சம் ஒன்றுமில்லை, நடுவில் ஹாலும் டைனிங்கும் திறந்த வெளி, பின்னால் சமையலறைக் கதவு. ஒரு கலர் நிறைய, இன்னொன்று அங்கங்கே புள்ளி. இந்த வீடு ஒரு திசையில் மலை மாதிரி நிற்கும், மறு திசைக்குத் தாளாது. முன்பக்கம் கடை வைத்து ரோலிங் ஷட்டர் போட்டால் இன்னும் மோசம்.

கலர் அடித்த பின் பார்க்க வேண்டியவை இவை. குறுக்குச் சுவர் ஒரு வெளிச்சுவரிலிருந்து இன்னொரு வெளிச்சுவர் வரை, அல்லது சுமைதாங்கும் உள்சுவர் வரை ஓட வேண்டும். நடுவில் அந்தரத்தில் முடியக் கூடாது. ஐ.எஸ். 1905 கணக்கில் 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவருக்கு, மாடி உயரம் 3.2 மீட்டருக்குள் இருந்தால், குறுக்குச் சுவர்களுக்கு இடையே அதிகபட்சம் 6 மீட்டர் விடலாம். 3.2 மீட்டர் என்பது பத்தரை அடி. 6 மீட்டர் கிட்டத்தட்ட 19 அடி 8 அங்குலம். ஹாலையும் டைனிங்கையும் சேர்த்து 24 அடிக்குத் திறந்துவிடும் இன்றைய பாணி இங்கேதான் மாட்டும். தீர்வு உண்டு: இரண்டுக்கும் நடுவில் இரு பக்கமும் சுவரை ஒட்டிப் பிலாஸ்டர் (சுவரோடு சேர்த்துக் கட்டும் தூண்) எழுப்பலாம், அல்லது சுவரைக் கொஞ்ச தூரம் உள்ளே நீட்டலாம். அதன் அளவை இன்ஜினியர் சொல்லட்டும்.

நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைச் சேர்க்கலாமா? 10 செ.மீ. சுவரைக்கூட மூன்று மாடி வரை குறுக்குச் சுவராக ஏற்றுக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஆனால் அது பெரிய சுவரோடு ஒரே நேரத்தில், கல்லுக்குக் கல் கோத்துக் கட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் தளம் போட்ட பிறகு, பூச்சு வேலைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அதைக் கட்டுகிறார்கள். அதனால் நான் அதற்குக் கலர் அடிப்பதே இல்லை.

ஜன்னல், கதவுக் கணக்கு

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மண்டலம் 3-இல் சாதாரணக் குடியிருப்பு வீடு 'சி' வகை. ஐ.எஸ். 4326 அந்த வகைக்குச் சொல்லும் கணக்கு இது: ஒரு குறுக்குச் சுவரிலிருந்து அடுத்த குறுக்குச் சுவர் வரை உள்ள நீளத்தில், திறப்புகளின் மொத்த அகலம் ஒரு மாடி வீட்டில் 0.55 பங்கையும், இரண்டு மாடியில் 0.46 பங்கையும், மூன்று நான்கு மாடிகளில் 0.37 பங்கையும் தாண்டக் கூடாது. இதில் மாடி என்பது தரைத்தளத்தையும் சேர்த்து.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஹாலின் முன்சுவர் 14 அடி. தலைவாசல் மூன்றரை அடி, ஜன்னல் 5 அடி. மொத்தம் எட்டரை. 14-ஆல் வகுத்தால் 0.61. தரைத்தளம் மட்டும் கட்டினாலே பாஸ் ஆகாது, 7.7 அடிதான் அனுமதி. ஜன்னலை 4 அடி ஆக்கினால் ஏழரை அடி, சரி. ஆனால் பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடும் எண்ணம் இருக்கிறதா? காட்பாடிப் பக்கம் மாணவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கும் விடலாம் என்று வேலூரில் அந்த எண்ணம் இல்லாதவர் குறைவு. அப்படியானால் இன்றைக்கே இரண்டு மாடிக் கணக்கில் பாருங்கள்: 6.4 அடிதான். மூன்று மாடி என்றால் 5.2 அடி. தலைவாசல் போக ஜன்னலுக்கு ஒன்றே முக்கால் அடிகூட மிஞ்சாது. அப்போது ஜன்னலைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டும்போது தரைத்தளத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு, பத்து வருஷம் கழித்து மேலே இரண்டு மாடி ஏற்றுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு.

பங்கு சரியாக இருந்தாலும் இடமும் சரியாக இருக்க வேண்டும். மூலையின் உள்பக்கத்திலிருந்து திறப்பு குறைந்தது 230 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், அதாவது ஒரு செங்கல் நீளம். இரண்டு திறப்புகளுக்கு நடுவே குறைந்தது 450 மி.மீ. சுவர், அதாவது ஒன்றரை அடி. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும் திறப்புகளுக்கு நடுவே 600 மி.மீ. உயரம். வெண்டிலேட்டரின் அகலம் 900 மி.மீ.க்குள்.

வாஸ்து பார்க்கும் வீடுகளில் ஈசானிய மூலையைத் திறந்துவிடச் சொல்லி, மூலையின் இரண்டு பக்கமும் ஜன்னல் வைப்பார்கள். இரண்டு ஜன்னலும் மூலையைத் தொட்டால் அங்கே சுவரே இல்லை என்று பொருள். சாஸ்திரத்தோடு சண்டை போட வேண்டாம். ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருக்கும், மூலையிலிருந்து ஒன்றரை அடி மட்டும் தள்ளிக்கொள்வோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். விதி கேட்பது முக்கால் அடிதான் என்றாலும் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளமாகவே கேட்பேன்.

அளவை மாற்றவே முடியாது என்றால், திறப்பைச் சுற்றிக் கம்பி வைத்து பலப்படுத்தும் வழியையும் அதே விதிநூல் தருகிறது: திறப்பின் ஓரங்களில் கான்கிரீட் சட்டம், அல்லது 8 மி.மீ. கம்பி வைத்த செங்கல் வேலை. அது படத்தில் வரைந்திருக்க வேண்டும். "சைட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்குப் பொருள் "செய்யப்போவதில்லை".

பெல்ட்

தனித்தனிச் சுவர்களை ஒரே பெட்டியாகக் கட்டிவைக்கும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டைதான் பெல்ட். 'சி' வகையில் இரண்டு மாடி வரை கேட்பது: லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டத்தில், எல்லாச் சுவர்களின் மேலும் சுற்றி ஓடும் பெல்ட், கூரை மட்டத்தில் ஒன்று, மண் இளகலாக அல்லது சீரில்லாமல் இருந்தால் பிளிந்த் (அஸ்திவாரத்துக்கு மேல், தரை தொடங்கும் இடம்) மட்டத்தில் ஒன்று. கூரை கான்கிரீட் தளமாக இருந்து, அது சுவர்களின் வெளி விளிம்பு வரை போய் உட்கார்ந்தால், கூரை பெல்ட்டின் வேலையைத் தளமே செய்துவிடும். ஓடு, ஷீட் கூரைக்கு அந்தச் சலுகை இல்லை. மூன்று மாடி என்றால் மூலைகளிலும் சுவர்ச் சந்திப்புகளிலும் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை நிற்கும் கம்பியும் வேண்டும்.

லிண்டல் பெல்ட்தான் முக்கியம், நம்மிடம் காணாமல் போவதும் அதுதான். ஜன்னல் மேல் மட்டும் துண்டு லிண்டல் வைத்து, இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் சுவரில் ஏற்றிவிட்டு முடித்துவிடுகிறோம். விதி கேட்கும் பெல்ட், சுவரின் முழுத் தடிமனுக்கு 75 மி.மீ. உயரம், 5 மீட்டர் வரை இடைவெளியுள்ள அறைக்கு 8 மி.மீ. கம்பி இரண்டு, 150 மி.மீ.க்கு ஒரு 6 மி.மீ. இணைப்புக் கம்பி. மொத்தச் சுவர் நீளம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ. இரண்டு வரிசைக்கு 47 கிலோ. இணைப்புக் கம்பி, மூட்டு எல்லாம் சேர்த்து எழுபது, எண்பது கிலோவுக்குள் முடியும். கான்கிரீட் ஏறத்தாழ ஒரு கன மீட்டர், அதிலும் ஒரு பங்கு எப்படியும் போடப்போகிற லிண்டல்தான். எலிவேஷன் டைல்ஸுக்குச் செய்யும் செலவோடு இதை ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குறுக்குவெட்டுப் படத்தில் பெல்ட் எங்கே அறுபடுகிறது என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். எல்லாத் திறப்புகளின் மேல்மட்டமும் ஒன்றாக இருந்தால் பெல்ட் தடையில்லாமல் ஓடும். மாடிப்படி நடுத்தளத்தில் வைக்கும் உயரமான கண்ணாடி ஜன்னல், இரட்டை உயர ஹால், பூஜையறைக்கு மேல் தனி மட்டத்தில் ஒரு வெண்டிலேட்டர் என்று அறுபடும் இடங்கள் அநேகமாக எல்லா பிளானிலும் இவைதான்.

மேல்மாடியும் மற்றவையும்

மேல்மாடி பிளானைக் கீழ்மாடி பிளான் மீது வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். 9 அங்குலச் சுவருக்குக் கீழே 9 அங்குலச் சுவர் இருக்கிறதா? சன்ஷேடை மூன்றடி நீட்டி, அதன் மேல் சுவர் எழுப்பி மேல் அறையைப் பெரிதாக்கும் பழக்கம் உண்டு. வெளியில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தச் சுவரின் தள்ளு கீழே இறங்க நேர்வழி இல்லை. பிளானில் கண்டால் வட்டம் போட்டுவிடுங்கள்.

சிமென்ட்-மணல் கலவை 1:6-க்குக் குறையக் கூடாது என்று குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். சுவர்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் ஒன்றாகவே ஏற்ற வேண்டும். முடியாத இடத்தில் 450 மி.மீ. உயரத்துக்கு ஒருமுறை பல்விட்டுக் கோக்க வேண்டும்.

எலக்ட்ரிக்கல், பிளம்பிங் படமும் இதில் சேர்த்திதான். பைப் புதைக்கச் சுவரில் வெட்டும் பள்ளம், நேர்நிலையாக இருந்தால் தடிமனில் மூன்றில் ஒரு பங்கும், கிடைநிலையாக இருந்தால் ஆறில் ஒரு பங்கும் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 1905. 230 மி.மீ. சுவரில் கிடைவெட்டு 38 மி.மீ.தான். பாத்ரூம் சுவரில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இரண்டு அங்குலத்துக்குப் பள்ளம் தோண்டி டிரெய்ன் பைப் போடும் படத்தைப் பார்த்தால் வேறு வழி கேளுங்கள்.

கண்டதை எழுதுவது

"சுவர் வீக்காக இருக்கு" என்று போனில் சொன்னால் பதில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று வரும். எழுதும்போது மூன்றும் இருக்கட்டும்: எந்தச் சுவர், என்ன அளவு இருக்கிறது, விதி என்ன கேட்கிறது. "தரைத்தளம், ஹால் முன்சுவர், 14 அடி. திறப்பு எட்டரை அடி, பங்கு 0.61. இரண்டு மாடிக்கு அனுமதி 0.46. ஜன்னலைக் குறைக்கவும் அல்லது கிழக்குச் சுவருக்கு மாற்றவும்." இப்படி எழுதினால் இன்ஜினியருக்கும் கோபம் வராது, மறுக்கவும் முடியாது. திருத்திய படத்தில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள், பழைய பிரதிகளை சைட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கொத்தனார் கையில் இருக்கும் தாளைப் பார்த்துத்தான் வீடு எழும்பும்.

லிண்டல் மட்டம் வரும் அன்று மட்டும் லீவு போட்டாவது சைட்டுக்குப் போங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பெல்ட் கம்பியை மூலைக்கு மூலை போட்டோ எடுத்து வையுங்கள். மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் போகிறதா, இல்லை மூலையோடு வெட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்பதைப் பிறகு எந்த வரைபடத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது.